பதினோராம் மடையின் கணக்கு

மூங்கில் பட்டையில் என் வேலை எளியது:
எத்தனை கூடை மண், எத்தனை ஆள்,
எத்தனை பேர் படுத்துவிட்டார்கள்.
வேய் ஆற்றுக்கு வடக்கே, பதினோராம் மடை.
இன்று நாற்பத்திரண்டு கூடை குறைவு.
காரணம்: ஹௌ தூன், கரைவெட்டி, காய்ச்சல்.

வைத்தியர் பாய் ரூ வந்தார்.
முன்பு இதே வாய்க்காலுக்கு மட்டம் பார்த்தவர்.
மட்டக்கோலை விற்று ஊசி வாங்கியதாகப் பேச்சு.
தூனின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துக்
கண்ணை மூடினார்,
மதகுப் பலகைக்குப் பின்னால்
தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று
காது கொடுப்பவர் போல.

"ஓட்டம் எங்கோ தேங்குகிறது" என்றார்.
"ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம்,
நிலத்துக்குப் பன்னிரண்டு ஆறு,
உனக்குள்ளும் பன்னிரண்டு.
மலை விடும் மூச்சைத்தானே
நீயும் இழுக்கிறாய்,
உனக்கு மட்டும் தனிக் கணக்கு எப்படி வரும்?"

கொட்டகை வாசலில் மலை தெரிந்தது.
தெற்குச் சரிவில் வெயில், அதற்கு யாங் என்று பெயர்.
வடக்கில் இன்னும் உறைபனி, அது யின்.
மலை ஒன்றுதான்.
மாலைக்குள் இரண்டுக்கும் நடுவிலிருந்த கோடு
நெடுந்தூரம் நகர்ந்துவிட்டது.
ஒருவரும் கூடையில் சுமக்கவில்லை.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வைத்தியர் சொல்லிக்கொண்டே போனார்:
இதயம் அரசன், கல்லீரல் தளபதி,
வயிறு களஞ்சியக்காரன்,
அவரவர் அவரவர் இடத்தில் இருந்தால் நோயில்லை.
தூன் சிரித்தான். உதடு வெடித்து ரத்தம் வந்தது.
"எனக்குள்ளும் அரசனா?
அப்படியானால் காய்ச்சல் யார், ஐயா?
இன்றைக்கு மண் சுமக்க மாட்டேன் என்று
உட்கார்ந்துவிட்டவனா?"

வெளியே மேற்பார்வையாளனின் சேகண்டி.
பாய் ரூ பதில் சொல்லவில்லை,
விரலை எடுக்கவும் இல்லை.
வெகுநேரம் கழித்து, யாரிடமோ போல:
"போன வெள்ளத்தில் ஏழாம் கரை உடைந்தது.
தண்ணீர் மேல் பழி போட்டோம்.
வளைய வேண்டிய இடத்தில்
நூல் பிடித்தது நான்."

முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசி,
பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று.
தினைக் கஞ்சி. மூன்று நாள் படுக்கை.
மூன்று நாளா? படுக்கைக்கு
என் பட்டையில் இடம் கிடையாது.
எழுதினேன்:
பதினோராம் மடை. மழை. கரை ஈரம். வேலை இல்லை.
வானம் வெளுத்துக் கிடந்தது.

நான்காம் நாள் தூன் எழுந்து
வரப்பில் நின்று நெடுநேரம் சிறுநீர் கழித்தான்.
ஊசியா, கஞ்சியா,
என் பொய் மழையா, தெரியவில்லை.
கொட்டகையில் மற்ற இருவர் எழவில்லை.
அவர்களுக்கும் அதே ஊசிதான்.

புறப்படும்முன் வைத்தியர்
என்னிடம் வெற்றுப் பட்டை ஒன்று கேட்டார்.
இதயம் அரசன் என்று எழுதினார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
என் கத்தியை வாங்கி
'அரசன்' என்பதை மட்டும் சுரண்டினார்.
தூள் ஊதினார்.
கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.
தூரத்தில் சேகண்டி மறுபடி அடித்ததும்
அதே சொல்லை
அதே இடத்தில் திரும்ப எழுதினார்.

பட்டை இப்போது என்னிடம் இருக்கிறது.
எல்லா எழுத்தும் தெளிவு.
சுரண்டிய இடத்தில் மட்டும்
மை கொஞ்சம் கசிந்திருக்கிறது.