நூறில் தொடங்கும் முகவரி

தலைஞாயிறு தாண்டி
பூட்டுக்கும் உப்புப் பிடிக்கும் இடத்தில்
எஸ்தர் பவுலினுக்கு இரண்டு இறால் குளம்.
வேலை நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில்,
பாதி மாதம் இரவுப்பணி.
ராத்திரி ஏரேட்டர் நின்றால்
விடிவதற்குள் இறால் மேலே வந்து வாய் பிளக்கும்.
"வார்டிலேருந்தே போடணும். முடியுமா?"
முடியும் என்றேன்.
என் தொழிலில் முடியும் என்பது
மூன்று ரவுட்டர் தூரம்.

ஃபைபர் வருவது ஐஸ் கம்பெனி வரைதான்.
அங்கே சுவரில் ஒரு மோடம்,
அதன் கீழே ஐஸ் கம்பெனியின் ரவுட்டர்,
பிறகு கருவைக்காட்டுக்கு மேலே
கம்பத்திலிருந்து கம்பத்துக்குக் காற்றில் தாவி
குளத்துக் கொட்டகையில் மூன்றாவது.
அதற்கும் உள்ளே, தகரப் பெட்டிக்குள்,
192.168.10.50 என்ற பெயரில்
உட்கார்ந்திருக்கிறது அந்தக் கருவி.
உள்ளிருந்து அது யாரையும் கூப்பிடலாம்.
வெளியிலிருந்து யாரும் அதைக் கூப்பிட முடியாது.

"தலைமதகைத் தெற, கெளைமதகைத் தெற,
கடைமடைக்குத் தானா வந்துரும்"
என்றார் காவல்கார காத்தலிங்கம்.
டெல்டாவில் எதைச் சொன்னாலும் மதகு வந்துவிடும்.
இல்லண்ணே.
தண்ணீர் பள்ளம் பார்த்துப் போகும்.
இது ஒவ்வொரு வாசலிலும் நின்று
அடுத்து யார் வீடு என்று கேட்கும்.
சொல்ல ஆளில்லாவிட்டால்
அங்கேயே செத்துப்போகும், சத்தமில்லாமல்.
வயலுக்கு வந்த தண்ணீர்
கல்லணைக்குத் திரும்பிப் போய்
வந்து சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.
இது சொல்ல வேண்டும்.

ஐஸ் கம்பெனி ரவுட்டரின் அடியில் ஒட்டிய காகிதம்
வெளுத்துவிட்டது.
கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை.
முதலாளி மகள் பிறந்தநாள் போட்டோம்,
குலசாமி போட்டோம்.
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பையன்
தலை நிமிராமல் சொன்னான்:
லாரி நம்பர் போட்டுப் பாருங்க.
திறந்தது.

முதல் வாசலில் எழுதினேன்:
8080 கேட்டு வந்தால் 1.7-க்கு அனுப்பு.
இரண்டாவதில்: 0.23-க்கு.
மூன்றாவதில்: 10.50-க்கு.
செல்போனில் வைஃபையை அணைத்து
வெளியாள் போலத் தட்டினேன்.
வட்டம் சுற்றியது.
சுற்றியது.
இடையில் கரண்ட் போய் வந்ததில்
23 இப்போது 28 ஆகியிருந்தது.
குடியிருப்பவரை எழுதிவைக்காமல்
வீட்டுக்குத் தபால் போட்ட தப்பு என்னுடையது.
எண்ணை நிலையாகக் கட்டிவிட்டு மறுபடி தட்டினேன்.
வட்டம்.

அப்புறம்தான் மோடத்தின் நெற்றியைப் பார்த்தேன்.
100.72 என்று தொடங்கியது.
நூறில் தொடங்கினால்
நான் தெரு என்று நினைத்தது இன்னும் கூடம்.
அதற்கும் வெளியே ஒரு வாசல்,
எந்த ஊரிலோ, யார் கையிலோ சாவி.
வட்டாரமே ஒற்றை முகவரியில் குடியிருக்கிறது
பக்கத்து ஆளைத் தெரியாமல்.
ஆறு நிறைய வந்தும்
ஷட்டர் தூக்க லஸ்கர் வராத நாள் மாதிரி
என்று சொல்ல வாயெடுத்து
காத்தலிங்கத்தின் முகம் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

கம்பெனிக்கு நான்கு போன்.
தனி முகவரிக்கு மாதாமாதம் தனிக் காசு.
"எவ்ளோ?" என்றாள் எஸ்தர். சொன்னேன்.
"தீவன மூட்டையில கால்வாசி."
கட்டினாள்.

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு நாற்பதுக்கு
காத்தலிங்கம் என்னை எழுப்பினார்:
"தம்பி, யாரும் தொடல. தானா சுத்துது.
தண்ணி வெள்ளையா அடிக்குது."
நாகப்பட்டினத்தில் யாருக்கோ ட்ரிப் மாற்றிவிட்டு
வராண்டாவுக்கு வந்திருக்கிறாள்.

காலையில் பதிவைத் திறந்தேன்.
அவள் தட்டியது ஒரு தரம்.
முன்னும் பின்னும்
கேள்விப்படாத எண்களிலிருந்து
நூற்றுப்பதினாறு தட்டல்,
ஒவ்வொருவனும் தன் பெயர் அட்மின் என்று சொல்லிக்கொண்டு.

8080-ஐ மூடினேன்.
யாருக்கும் தோன்றாத ஓர் எண்ணைத் திறந்து
வாசல்கள் மூன்றுக்கும் சொல்லிவைத்தேன்.
கடவுச்சொல்லையும் மாற்றினேன், லாரி நம்பர் இல்லாமல்.
காத்தலிங்கம் கேட்டார். சொல்லவில்லை.
"கொளத்தைக் காக்குறது நான்" என்றார்.
அது உண்மைதான்.
அன்றைக்கு எனக்கு டீ வரவில்லை.