ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வரை

மூன்றாம் மாடிச் சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி,
கழுத்தெல்லாம் அங்குலக் கோடுகள்.
ஏழு வயதில் அதன் முட்டியருகே நின்றேன்.
பதினெட்டில் நாலடி எட்டு.
காது வரைக்கும் போகவே இல்லை.

பிறந்த பதினோராம் நாள் இதே பரேலில்
மூத்திரப் பாதையின் அடைப்பை எடுத்தார்கள்.
அதற்குள் சிறுநீரகம் இரண்டும்
பாதி பாழாகியிருந்தன.
மீதிப் பாதியில்தான்
பத்தாம் வகுப்பு, டென்னிஸ் பந்து கிரிக்கெட்,
எதிர்ச் சாலியின் பிரமிளாவைப் பார்த்துக்கொண்டே இருந்தது
எல்லாம்.

அம்மா பன்மையில்தான் பேசுவாள்.
"நேத்து நாங்க எண்ணூறு மில்லி போனோம்.
எங்களுக்குக் கால் லேசா வீங்கியிருக்கு."
இந்தியில் சொன்னாலும் அது தமிழ் 'நாங்க'தான்,
எதிரே இருக்கும் டாக்டர் அதில் சேர்த்தி இல்லை.
டாக்டர் கேல்கர் சிரிக்காமல் எழுதிக்கொள்வார்.

போன வருஷம் ஒரு தாளைத் தந்து
உன் மாத்திரைகளின் பெயரை எழுது என்றார்.
வெள்ளை பெரிசு, வெள்ளை சின்னது, சோடா,
மஞ்சள், சாப்பாட்டோடு விழுங்குவது.
"கம்பெனி மாறினால் நிறம் மாறும், சுட்லா."
சுடலைமணி அவர் வாயில் நுழையாது.
அப்புறம் மாதம் ஒரு பெயர் படித்தேன்.
மாதம் ஒரு ஜாண்
அம்மாவின் நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்தினார்.

இன்று அது கதவுக்கு வெளியே.

பெரியவர்கள் கட்டடம் கான்டீனைத் தாண்டி.
வாட்ச்மேன் மறித்தான்: "பச்சா லோக் தீஸ்ரா மாலா."
ஆதாரை நீட்டினேன்.
கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
எனக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்தான்.
முதல் தடவையாக அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே சுவர் வெறும் சுவர்.
டயாலிசிஸ் ஊசிக்கென்று தைத்த நரம்பு
முறுக்குக் கயிறாய்ப் புடைத்த கையோடு ஒரு டாக்ஸிக்காரர்.
வீங்கிய காலுக்குப் பொருந்தாத செருப்பை
மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள்.
என் அடுத்த இருபது வருஷம்
வரிசையாக உட்கார்ந்திருப்பதாக நினைத்தேன்.
டாக்ஸிக்காரர் நகர்ந்து இடம் விட்டார்.

டாக்டர் ஷிர்சாட்டுக்கு நரையே இல்லை.
கேல்கரின் நான்கு பக்கக் கடிதத்தில்
எனக்கு முன்பே அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.
குடிப்பியா? சிகரெட்? யாராவது ஸ்நேகிதி?
மூன்றுக்கும் இல்லை. மூன்றாவதற்குக் கொஞ்சம் தாமதமாக.
மாத்திரையை விட்டதுண்டா?

மே மாதம். பதினாறு நாள்.
மறந்து அல்ல.
சட்டைப்பையில் கொண்டுபோய்
பாலத்திலிருந்து மித்தி ஆற்றில் போட்டேன்.
இதை அம்மாவிடம்கூட.
அவர் திட்டவில்லை. ஏன் என்று கேட்டார்.
"முஜே போர் ஹோ கயா தா" என்றேன்.
எனக்கு.
சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது.

அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி என்று
அவர் எழுதித் தரவில்லை.
என் போனை எடுக்கச் சொன்னார்.

பன்னிரண்டு வயசுக்கு மேலும் ஆறு வருஷம்
அம்மாவோடு லேடீஸ் டப்பாவில் போனவன் நான்.
யாரும் கேட்டதில்லை, உயரம் அப்படி.
வண்டி வரும் சத்தம்.
அம்மா லேடீஸ் பக்கம் பத்தடி நடந்தாள்,
திரும்பி வந்து ஃபைலை என் கையில் திணித்தாள்,
ஓடினாள்.

ஜெனரலில் மேல்பிடி எட்டவில்லை.
நாலு பக்கமும் வியர்த்த சட்டைகள்
விழாமல் நிறுத்தி வைத்திருந்தன.
மாட்டுங்கா தாண்டும்போது போன்.
"சாப்பாட்டோட விழுங்குறது நாலுதான் இருக்குடா."
பேரைச் சொல்லும்மா என்றேன்.
கொஞ்ச நேரம் அவள் டப்பாவின் கூச்சல், வளையல் விற்பவள் குரல்.
"செவ... செவலமர்."
ஏதோ காளைக்கு வைத்த பெயர் மாதிரி.
எப்போது படித்தாள்?

சயானில் கடை திறந்திருக்கும்,
நானே வாங்கிக்கிறேன் என்றேன்.