மீனில்லாத பை

சனிக்கிழமை இரவு மூன்று பைகள் கட்டினேன்.
தொட்டித் தண்ணீர், மேலே ஒக்சிஜன்,
வாயை முறுக்கி இரண்டு ரப்பர் வளையம்.
ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானி:
ஏறிய உச்சத்தில் நீலக் குச்சியை நட்டுவிட்டு
இறங்கி வருகிற வகை.
பிறகு ரெஜிபோம் பெட்டி, பிறகு டேப்.
மீன் போடவில்லை.

மீன் போன மாதம் போட்டேன்.
பண்டாரவளைத் தண்ணீரில், பத்தொன்பது டிகிரியில்
பொரித்து வளர்ந்த தங்கமீன்கள், இருபத்திரண்டு.
கூரியர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது:
உயிருள்ளவை, அழுகக்கூடியவை, கசியக்கூடியவை
பொறுப்பேற்கப்பட மாட்டா.
"உள்ளுக்கு என்ன?"
"விளையாட்டுச் சாமான்" என்றேன்.
என் கையெழுத்தோடு அந்தப் படிவம்
இன்னும் எங்காவது ஒரு கட்டில் இருக்கும்.
விளையாட்டுச் சாமானை யார் நிழலில் வைப்பார்கள்?
கிழக்கே போகவேண்டிய பெட்டி
மேற்கே கொழும்புக்கு இறங்கி
ஒரு ஞாயிறு முழுக்கத் தகரக் கூரையின் கீழ் கிடந்து
பிறகுதான் மட்டக்களப்புக்குத் திரும்பியது.
கல்லடியில் வாகினி மூடியைத் திறந்து
ஒரு படம் எடுத்து அனுப்பினாள்.
கீழே ஒன்றும் எழுதவில்லை.

அதனால் இந்தத் தடவை தண்ணீர் மட்டும்.
ஒரு பை அதே கூரியரில்.
"தண்ணியா?" என்றாள் அந்தப் பெண்.
"தண்ணிதான்."
உண்மையைச் சொன்ன அன்றைக்கு அவள் நம்பவில்லை.
ஒரு பை பதுளை பஸ்ஸில்,
சுமித்தவின் சீட்டுக்குக் கீழே, கதவுக்காற்று படுகிற இடத்தில்.
மற்றது நவ்பரின் லொறி.
வெலிமடையில் லீக்ஸும் கோவாவும் ஏற்றிக்கொண்டு
பதினொரு மணிக்கு இந்தப் பக்கம் வரும்.
முன் கண்ணாடி வெடித்த இடத்தில் டேப்.
ஹோர்ன் இல்லை, கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டுவான்.
அவனுக்குக் கொடுத்தது வீண் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு பத்துக்கு போன் அடித்தது.
"தங்கச்சி, நான் நவ்பர். பிபிலையில நிக்கேன்.
ஏசாதீங்க.
பெட்டியில ஒரு சத்தமும் இல்ல, மனசு கேக்கல்ல,
டேப்ப கிழிச்சிப் பார்த்தேன்.
தண்ணி மட்டும்தான் ஈக்கி.
மீன ஒண்டையும் காணல்ல."
நான் வாய் திறப்பதற்குள்
"பையில ஓட்டையில்ல. லொறிய எங்கயும் விட்டுட்டுப் போகல்ல,
பதுளையில தேத்தண்ணி குடிச்சது மட்டும்தான்.
டோர்ச் அடிச்சி கோவாக்குள்ளயும் தேடிட்டேன்.
எத்தன போட்டீங்க? வெலயச் சொல்லுங்க,
கூலியில கழிச்சிக்கிடுங்க."

கோவாக்குள் மீன் தேடுகிற வெளிச்சத்தை
இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு சொன்னேன், மீனே போடவில்லை என்று.
கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம்.
"அப்ப என்னத்துக்கு அனுப்புறீங்க?"
பதில் எனக்குச் சரியாக வரவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் மூன்று குச்சியும் நின்ற இடத்தை
வாகினி வாசித்துச் சொல்ல, கொப்பியில் எழுதினேன்.
கூரியர் முப்பத்தொன்பது.
பஸ் இருபத்தெட்டு.
லொறி முப்பது.
மகா ஓயாவின் வெந்நீர்க் கிணறுகளைத் தாண்டும்போதோ,
அவன் மூடியைத் திறந்துவைத்துத் தேடிய அந்த நேரத்திலோ
ஏறியிருக்கவேண்டும்.
கணக்குப்படி பஸ்.
தங்கமீனுக்கு இரண்டு டிகிரி சின்ன விஷயமில்லை,
எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் நவ்பருக்கு போன் எடுத்தேன்.
வாகினி ஏசினாள்.
ஐஸ் போத்தல் இரண்டு கூடுதலாக வைத்தேன்.

பெட்டியின் நான்கு பக்கமும் தடித்த பேனாவால்:
உயிர். நாற்பது.

அன்றிரவு நான் படுக்கவில்லை.
இரண்டேகாலுக்குப் பிபிலையிலிருந்து:
"எண்ணிட்டேன் தங்கச்சி, முப்பத்தெட்டு.
இல்ல, நில்லுங்க, நாப்பத்தொண்டு.
ஒரு எடத்துல நிக்குதுகளில்லியே."

"மூடியப் போடுங்க, சூடேறும்" என்றேன்.
போனுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது:
முப்பத்தஞ்சி, முப்பத்தாறு,
அடேய், நீ எண்ணினதுதானே.