ஆல்பேட்டையில் நாற்பத்தொன்றாவது சாவு

மாலை ஆறு இருபது, புதுச்சேரி நிலையம், சிதம்பரம் வண்டி.
இடப்பக்கம் நான்காவது வரிசை, சன்னலோரம்.
சக்கரத்துக்கு மேல் மட்டும் உட்காரக் கூடாது,
பள்ளம் வந்தால் நான் அமுக்காத பொத்தானும் அமுங்கும்.

பையிலிருந்து எடுக்கிறேன்.
நெல்லித்தோப்பு ஜெய்லானி கடையில் வாங்கிய பழைய சாதனம்.
முதுகில் யாரோ காம்பஸால் கீறிய ‘வி’.
இப்போது வருபவை சப்பாத்திப் பலகை அகலம்,
முருங்கப்பாக்கம் தாண்டுவதற்குள் சூடேறி
மடியிலேயே இஸ்திரி போடுகின்றன.
கையடக்கம் என்றால் கைக்கு அடங்க வேண்டும்.
அதற்கு மேல் எனக்குக் கொள்கை கிடையாது.

இல்லை, இன்னொன்றும் உண்டு.
அமுக்கினால் பொத்தான் ‘டிக்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.
வெறும் கண்ணாடியைத் தடவி ஆடுவது
பதில் போடாதவனுக்குக் கடிதம் எழுதுவது.

அரியாங்குப்பம் பாலத்தில் அவன் வருகிறான்,
கணுக்காலில் மணி கட்டிய அரக்கன்.
மணி மூன்று முறை ஒலித்தால் கோடரி இறங்கும்.
வீட்டில் பெரிய திரையில் ஆடுகிறவர்களுக்கு
அந்த மணி கேட்குமாம்.
எனக்குக் கேட்பது ஏர் ஹாரன்,
‘தவளக்குப்பம்லாம் முன்னாடி வா’,
யாருடைய போனிலோ கிரிக்கெட் வர்ணனை.
ஆகவே தோளைப் படித்தேன்.
இடது தோள் ஒரு நெல்லளவு ஏறும்.
அந்த நெல்லுக்குள் நான் உருண்டுவிட வேண்டும்.
இதைக் கண்டுபிடிக்க இருபத்தாறு சாவு,
ஒன்பது நாள் டிக்கெட்.

‘சில்லறையா குடும்மா.’
இருபத்தேழு.

பக்கத்து இருக்கை பாலிடெக்னிக் பெண்,
அடையாள அட்டையில் நிவாஷினி,
நேற்று மெதுவாகக் கேட்டாள்:
‘இதுல ஈஸி மோடு இல்லையாக்கா?’
உண்மையைச் சொன்னால், கோபம் வந்தது.
கிருமாம்பாக்கம் வரை அந்தக் கோபத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பவிசு.
இருந்துவிட்டுப் போகட்டுமே, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.
என் கட்டைவிரலே இப்போது வேண்டும் என்கிறது.
மஞ்சக்குப்பம் டாக்டர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு
‘மாவு நிறைய பிசைவீங்களோ’ என்றார்.
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் கடினம் வேறு, கள்ளத்தனம் வேறு.
சுவருக்குப் பின்னாலிருந்து அம்பு விடும் ஆட்டங்களை
அன்றைக்கே அழித்துவிடுவேன்.
அந்த வகை எனக்கு ஆபீசில்
சம்பளத்தோடு கிடைக்கிறது.
இவன் அப்படியில்லை. எத்தனை முறை கொன்றாலும்
முன்கூட்டியே தோளைத் தூக்கிக் காட்டித்தான் கொல்கிறான்.
இந்த மார்ச்சில் கணக்குப் பிரிவிலிருந்து என்னை மாற்றியபோது
எந்தத் தோளும் அசையவில்லை.

முள்ளோடையில் எல்லையின் கடைசிக் கடைகள்,
கடைசி விளக்குகள்.
இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு நேராக நடக்கப் பார்க்கும் ஆட்கள் ஏறினார்கள்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் பேட்டரி ஒன்பது.
அரக்கனின் உயிர்க்கோடு
நகவெட்டில் விழும் துண்டு அளவுக்கு மிச்சம்.
இவ்வளவு தூரம் நான் வந்ததே இல்லை.

ஆல்பேட்டை சோதனைச் சாவடி.
டிரைவர் எஞ்சினை அணைத்தார்.
இரண்டு காவலர்கள் ஏறினார்கள்.
பாட்டில் வைத்திருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள
வண்டி முழுக்க அப்படியொரு அமைதி.

அப்போது கேட்டது,
காதுக்குள், முதல்முறையாக.
மணி.
நான் நினைத்த மாதிரி கோயில் மணி இல்லை,
பள்ளிக்கூட மணியும் இல்லை.
அடுத்த தெருவில் போகும் குல்பி வண்டி,
அவ்வளவு சின்னது.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதற்காகக் காத்திருந்தேன், விரலை எடுத்துவிட்டு.

திரை சிவந்தது.

‘பையில என்ன?’
டிபன் டப்பா, தைலம், சார்ஜர்.
‘கையில?’
காட்டினேன்.
குனிந்து பார்த்தவர்
‘செத்துட்டியே’ என்றார்.
‘ஆமா சார்.’
‘அப்புறம் என்னத்துக்குச் சிரிக்கிற?’

வண்டி உறுமத் தொடங்கியது.
பேட்டரி நாலு.
மஞ்சக்குப்பம் போக இன்னும் ஆறேழு நிமிஷம் இருக்கும்.
நாற்பத்திரண்டு.