பதினான்காம் பறப்பு: படம் ஆறு, படம் ஏழு

இடக்கண்ணுக்கு ஒரு படம். வலக்கண்ணுக்கு ஒன்று.
இரண்டுக்கும் நடுவே விமானம் பறந்த இருபது நொடி.
கருவிக்குள் முகம் புதைத்துக் கொஞ்சம் பொறுத்தால்
தட்டைத் தாள் திடுமென எழும்பும்:
பைன் மரங்கள் ஊசி ஊசியாய்,
கெமி ஆறு ஒரு நீளப் பள்ளமாய்.

ஹெல்சின்கி, மூன்றாம் மாடி. ஜன்னலில் பனி கலந்த மழை.
ஒரு புள்ளியை நடத்திச் செல்வது என் வேலை.
கடுகிலும் சிறிய ஒளிப்புள்ளி.
கைச்சக்கரங்கள் அதை நகர்த்தும்,
கால்தட்டு ஏற்றி இறக்கும்.
இன்று கால் அசையக் கூடாது.
உயரம் நூற்று எண்பது மீட்டர்:
அணை எழுந்தபின் நீர் வந்து நிற்கப்போகும் கோடு.

புள்ளி போகிறது,
வைக்கோல் வயலை ஒட்டி,
உருளைக்கிழங்குப் பாத்தியைக் குறுக்கே அறுத்து
யாரோ ஒருவர் முற்றத்துக்குள்,
வீட்டுக்கும் சவுனாவுக்கும் இடையே.
வீடு தப்பியது.
சவுனா ஒன்றரை மீட்டர் கீழே.
நான் நிற்கவில்லை.
நின்றால் பென்சில் திட்டுப் போடும்.

அப்புறம்தான் அந்தப் படகு.
ஆற்றில் இல்லை,
ஆற்றுக்கும் அடியில்,
நான்கு ஆள் ஆழம்கூட இல்லாத நீரில்
ஐம்பது மீட்டர் கீழே, துடுப்போடு.

ஹெலெனியுஸ் எட்டிப் பார்த்தார், சிரித்தார்.
"நகர்ந்திருக்கிறான்.
விமானம் போகும் பக்கம் போனால் மூழ்கித் தெரியும்,
எதிரே வந்தால் வானத்தில் தொங்கும்.
அசைவது வரைபடத்தில் சேராது, ஐலி. விட்டுவிடு."

வலக்கண்ணை மூடினேன்: படகு நீர்மேல்.
இடக்கண்ணை மூடினேன்: அப்போதும் நீர்மேல்,
சற்றே வடக்கே.
இரண்டும் திறந்திருந்தால்தான் மூழ்குகிறான்.

விட்டுவிட்டேன்.
ஆனால் மதியம், ரொட்டியைக் கடித்தபடி கணக்குப் போட்டேன்.
ஐம்பது மீட்டர் மூழ்க இருபது மீட்டர் போயிருக்க வேண்டும்.
நொடிக்கு ஒரு மீட்டர்.
அதுவும் எதிரோட்டத்தில்.

முகம் தெரியாது. வயது தெரியாது.
படகில் இருந்தது மீனா, பால் கேனா, தெரியாது.
தெரிந்தது இவ்வளவுதான்:
தலைக்கு மேல் அரசாங்கம் இரைந்துகொண்டு போனபோது
அவன் துடுப்பை நிறுத்தவில்லை.

அச்சகம் வெட்டி எறியும் ஓரத்தில்
அந்த வேகத்தைப் பென்சிலால் எழுதினேன், சின்னதாக.
பிறகு புள்ளியைத் திரும்பக் கொண்டுபோய்
சவுனாவின் பின்சுவர் அருகே வைத்தேன்.
கோடு இன்னும் மேற்கே போக வேண்டியிருந்தது.