ஆறாவது குழி, காக்கைதீவு

கொடிக்கம்பத்தில் யாரோ உரப்பை கட்டியிருக்கிறார்கள்.
தென்மேற்குக் காற்றில் அது முழங்கை மடக்கிக்
களனி வாயைக் காட்டுகிறது.
புல்தரை என்பது ஒரு மரியாதைக்கு;
அடம்பன் கொடியும் உப்பும்தான்.

"கடலுக்கு அடியுங்கோ சேர்,
காத்து கொண்டுவந்து தரும்" என்றான் பொனிப்பாஸ்,
என் மட்டைகளோடு
தன் சூடைமீன் பையையும் சுமந்தபடி.

கடலுக்கே அடித்தேன்.
வெளியே போன பந்து
ஒருகணம் யோசித்து
வளைந்தது,
சம்பள நாளில் வீடு திரும்புகிறவன்போல.

கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் விழுந்தது.
பக்கத்தில் ஒரு நாய், முகவாய் பந்தின்மேல்.
விதிப்புத்தகத்தில் நாய் எங்கே வருகிறது?
"அசையாத தடை" என்றேன்.
வாலை ஆட்டியது.

பொனிப்பாஸ் சிரிக்கவில்லை.
பந்தை எடுத்தான், சறத்தில் துடைத்தான்,
இரண்டடி தள்ளி வைத்தான்.
அட்டையில்
ஓர் அடி கூட்டி எழுதினான்.