ஈரப் பஞ்சு

கண்ணில் மாட்டும் பெட்டியின் பஞ்சு
இன்றும் ஈரமாக இருக்கிறது.
எனக்கு முன்னால் யாரோ
வெகுதூரம் நடந்திருக்கிறார்.

ஜெனிபா அதை டிஷ்யூவால் ஒற்றி
ஸ்பிரிட் வாசனையோடு என் முகத்தில் பொருத்துகிறார்.
“எங்கே போகலாம் தணிகாசலம்?
பனிமலையா, காடா, வெளிநாட்டுத் தெருவா?”
மே மாதம். மின்விசிறி வெந்நீரைத் தெளிக்கிறது.
பனிமலைக்குப் போய் வந்தால்
சளி பிடிக்காதா என்கிறேன்.
சிரித்துக்கொண்டே தெருவை அழுத்துகிறார்.

அசோக் பில்லர் ஹாரன்கள் எங்கோ பின்னால் அலற,
கல் பாவிய வீதியொன்று விரிகிறது.
குனிந்து பார்த்தால் எனக்கு இரண்டு கால்கள்.
நீல ஷூ.
சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி
நான் கைகளை வீச வீச
அவை நடக்கின்றன.

வளசரவாக்கத்தில் மூன்றாம் மாடி.
சன்ஷேடில் நின்று அவுட்டோர் யூனிட் கழற்றினேன்.
பழைய சிமெண்ட்,
ஒரு முழம் உடைந்தது.
மீதி எக்ஸ்ரேயில் இருக்கிறது.

தொப்புளுக்குக் கீழே நான் குடியில்லை.
எரிச்சல் மட்டும் பழைய விலாசத்துக்கே வருகிறது.
கட்டெறும்பு கடித்தால் தெரியாத பாதத்தில்
ராத்திரி இரண்டு மணிக்குத்
தார் காய்ச்சி ஊற்றுகிறார்கள்.
உணர்ச்சியே இல்லாத இடம் எப்படி எரியும் என்று
சகாயராணி கேட்டாள்.
காப்பர் பைப் நடுவில் நசுங்கிவிட்டால்
கேஸ் போகாது,
கம்ப்ரஸர் மட்டும் கத்திக்கொண்டே இருக்கும், அப்படித்தான்
என்றேன்.
டாக்டர் சொன்னதைவிட இது புரிகிறது என்றாள்.

முதல் வாரம் அந்தக் கால்கள்
சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்பாக இருந்தன.
யாரோ வெள்ளைக்காரரை
இடுப்புக்குக் கீழே வாடகைக்கு எடுத்த மாதிரி.
என்னுடையதில் சைலன்சர் சுட்ட தழும்பு உண்டு,
இடது பெருவிரல் நகம் கோணல், என்று புகார் சொன்னேன்.
ஜெனிபா மெனுவில் தேடி நிறத்தை நகர்த்தினார்.
கொஞ்சம் தாராளமாகவே நகர்த்திவிட்டார்.
ஷூ கழறவில்லை.
தழும்புக்குப் பட்டன் இல்லை.

இந்த ஊர்ச் சுவர்களில்
ஒரு அவுட்டோர் யூனிட்கூடக் கிடையாது.
சொட்டும் குழாய் இல்லை.
நடைபாதையில் பைக் இல்லை,
மெட்ரோ தோண்டிய பள்ளமும் இல்லை.
இங்கே வந்து
நான் என்ன வேலை தேடுவது?

ஆனாலும் எட்டாவது நிமிடத்தில்
தார்ச்சட்டிக்குக் கீழே யாரோ
அடுப்பைச் சிம்மில் வைக்கிறார்கள்.
அணைக்கவில்லை.
சிம்.
அதற்காகத்தான் இரண்டு பஸ் மாற வேண்டிய தூரத்தை
ஆட்டோவுக்குக் கொடுத்து வருகிறேன்.

இன்று பழக்க தோஷத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.
மூன்றாவது வீடு, மூன்றாம் மாடி.
உள்ளங்கை வேர்த்தது.
கை நின்றது.
கால் நின்றது.
“என்ன ஆச்சு?”
“ஒன்றுமில்லை மேடம்.
அந்த சன்ஷேடில் விரிசல் இருக்கிறது.”
மானிட்டரில் குனிந்து தேடினார்.
“அது வெறும் படம்தானே.”
“வரைந்தவனுக்கு வீட்டு வேலை தெரியும்” என்றேன்.

அதற்குக் கீழேதான் வழி.
ரொம்ப நேரம் நின்றேன்.
ஜெனிபா அவசரப்படுத்தவில்லை.
பிறகு வலக்கையை வீசினேன்,
இடக்கையை வீசினேன்.
தலையைத் தாழ்த்திக்கொண்டு கடந்தேன்,
வெட்கமாகத்தான் இருந்தது.

பெட்டியைக் கழற்றியதும்
அரை டிராயருக்குக் கீழே என் கால்கள்,
இவ்வளவு நேரம் கூப்பிடாமல் விட்டதற்குக்
கோபித்துக்கொண்ட உறவுக்காரர்கள் மாதிரி.
இடது கால் மிதியிலிருந்து நழுவியிருந்தது.
இரண்டு கைகளாலும் தூக்கி வைத்தேன்.
கனமாக இருந்தது.
தழும்பு அங்கேயேதான் இருந்தது.

அடுத்தது ஃபயாஸ். பத்தொன்பது வயது.
ஆழமில்லாத நீச்சல் குளத்தில் தலைகீழாகக் குதித்தவன்.
கழுத்து.
கைகளைப் பாதிதான் வீசுவான்,
அவன் தெருவில் நடை மெதுவாகத்தான் இருக்கும்.
ஜெனிபா டிஷ்யூவை உருவுகிறார்,
பஞ்சில் என் வியர்வை.
“அண்ணா, இன்னிக்கு ரோடு எப்படி?”

மூன்றாவது வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும்
கொஞ்சம் ஓரமாகப் போடா, என்றேன்.